பழைய ஃபோர்டுக்கு ராடு பிரேக்கா, ஆயில் பிரேக்கா?

கல்லிடைக்குறிச்சியில் ஒரு மாட்டுத்தொழுவில் வருஷக்கணக்காக நின்ற 1930 ஃபோர்டு மாடல் ஏ என் கைக்கு வந்தபோது, இன்ஜினைவிட என்னை அதிகம் யோசிக்க வைத்தது பிரேக்தான். அதில் இருப்பது ராடு பிரேக்: பெடலை மிதித்தால் இரும்புக் கம்பிகள் இழுத்துச் சக்கரத்தைப் பிடிக்கும். திருநெல்வேலி வண்ணார்பேட்டை மெக்கானிக் ஒரே பேச்சில் முடித்துவிட்டார். "அண்ணாச்சி, இந்தக் கம்பி எல்லாத்தையும் கழட்டிட்டு ஆயில் பிரேக் மாட்டிருவோம். மிதிச்சா நிக்கணும்லா?"

அவர் சொன்னதில் நியாயம் உண்டு. ஆயில் பிரேக்கில் மிதியின் அழுத்தம் குழாயில் இருக்கும் ஆயில் வழியாக நான்கு சக்கரத்துக்கும் தானாகவே சமமாகப் போகும். கால் வலிக்காது, வண்டி ஒரு பக்கம் இழுக்காது. டூசன்பெர்க் என்ற அமெரிக்கக் கார் கம்பெனி 1921-லேயே அதைக் காரில் வைத்துவிட்டது. ஃபோர்டுதான் 1938 மாடல் வரை கம்பியை விடவில்லை. அதற்குப் பிந்தைய ஃபோர்டு பிரேக்கை எடுத்து மாடல் ஏ-யில் பொருத்துவதும் புதிய விஷயம் இல்லை.

ஆனாலும் நான் கம்பியிலேயே நின்றேன். காரணம் ஒன்றுதான்: இந்த வண்டி ஓடுவதைவிட நிற்பது அதிகம். மாதம் ஒருமுறை திருச்செந்தூர் ரோட்டில் கொஞ்ச தூரம், மற்ற நாளெல்லாம் ஷெட். சாதாரண பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ் வரையாவது கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரக் கணக்கு. ஈரம் ஏறிய ஆயிலுக்கு அதே கணக்கு 140 டிகிரிதான். அந்த ஈரமே, ஒவ்வொரு சக்கரத்திலும் பிரேக்கைத் தள்ளும் வீல் சிலிண்டருக்குள் துருவாகி, பிஸ்டனைக் கவ்விக்கொள்ளும். என் மச்சானின் பழைய கார் ஐப்பசி, கார்த்திகை மழை முடியும்வரை நின்றது. தை மாதம் தள்ளிப் பார்த்தால் பின்சக்கரம் அசையவில்லை. சிலிண்டரைப் பிரித்தபோது உள்ளே சுவரெல்லாம் குழி குழியாக அரித்திருந்தது. ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றி, குழாய்க்குள் சிக்கிய காற்றையும் வெளியேற்ற வேண்டும்.

ராடு பிரேக்கில் கெடுவது கண்ணுக்குத் தெரியும். கம்பிகளை மூட்டும் ஆணி தேயும், அது நுழையும் ஓட்டை முட்டை வடிவமாகும். ஒவ்வொரு மூட்டிலும் நூல் அளவு ஆட்டம் சேர்ந்து, பாதி மிதி அதிலேயே கரைந்துவிடும். 'பழைய ஃபோர்டு பிரேக் பிடிக்காது' என்ற பேச்சுக்கு முக்கால்வாசிக் காரணம் இந்தத் தேய்மானம்தான் என்பது என் முடிவு. பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் எல்லா ஓட்டையையும் சரிசெய்து உள்ளே புஷ் என்ற உலோக வளையம் போட்டேன். முன்சக்கரத்தில் கிங்பின்னுக்கு (சக்கரம் திரும்புகிற அச்சாணி) நடுவே இறங்கி, உரசி நிறுத்தும் ஷூவை விரிக்கும் ஊசியையும் புதிதாக்கினேன்.

அடுத்தது டிரம், ஷூவைச் சுற்றி சக்கரத்தோடு சுழலும் கிண்ணம். கம்பெனி போட்ட தகட்டு டிரம் சூடானால் விரிந்து, ஷூவின் மேலிருக்கும் உராய்வுப் பட்டையான லைனிங்கிலிருந்து விலகிப்போகும். வார்ப்பிரும்பு டிரம் மாற்றிய நாளில்தான் எனக்கு முழு நம்பிக்கை வந்தது. செலவில் பெரிய பங்கும் அதற்குத்தான் போனது.

அட்ஜஸ்ட் செய்யப் பொறுமை வேண்டும். நான்கு சக்கரத்தையும் ஜாக்கியில் தூக்கி, பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவே மரக்கட்டை கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக மிதியைக் கூட்டி ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். பின்சக்கரம் முதலில் பிடிக்க வேண்டும், முன்சக்கரம் அடுத்து. இடம், வலம் ஒரே இறுக்கமாக இருக்க வேண்டும். எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. இப்போது சுலோச்சன முதலியார் பாலத்தில், முன்னால் போகும் ஆட்டோ சட்டென்று நின்றாலும் வண்டி நேராக நிற்கிறது. காலை ஊன்றித்தான் மிதிக்க வேண்டும், அதை மறைக்கவில்லை.

மலை இறக்கத்தில் மட்டும் எனக்கு அனுபவம் குறைவு. பாபநாசத்துக்கு மேலே காரையாறு ரோட்டில் ஆள் ஏற்றிக்கொண்டு இன்னும் இறக்கிப் பார்க்கவில்லை. அடிக்கடி மலை ஏறி இறங்குகிறவர், தினமும் வண்டியை எடுக்கிறவர் என்றால் ஆயில் பிரேக்கே போடலாம். ஒரு லைன் ஒழுகினாலும் இரண்டு சக்கரமாவது பிடிக்கும்படி பெடலிலிருந்து ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரை இரட்டையாகப் போடுங்கள். கை பிரேக்கை மட்டும் எடுத்துவிடாதீர்கள். அது தனிக் கம்பியிலேயே இருக்கட்டும்.