சிம்கோவா, ஒகீச்சோபியா? கொழும்பிலிருந்து பாஸ் பிடிக்கப் போகிறவர்களுக்கு ஓர் ஒப்பீடு

ஆகஸ்ட் லீவு நெருங்கினாலே இந்தக் கேள்வி வந்துவிடும். வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கமிருந்து பொல்கொட ஏரிக்குத் தூண்டில் றொட்டோடு கிளம்புகிற நம் ஆட்கள் பலருக்கு ரொறன்ரோவில் ஒரு மாமாவோ சித்தியோ இருக்கிறார்கள். போகிறதுதான் போகிறோம், ஒரு நாள் கைட் (போட்டில் கூட்டிப் போய் மீன் பிடிக்கக் காட்டித்தருகிறவர்) வைத்து பெரிய ஏரியில் பாஸ் என்கிற நன்னீர் மீனைப் பிடித்துப் பார்ப்போம் என்று ஆசை. ஆனால் அதைக் கனடாவிலேயே முடித்துக்கொள்வதா, இல்லை வீடியோக்களில் வாய் பிளக்கவைக்கிற அந்தப் புளோரிடாப் பக்கம் இறங்குவதா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: லூர் (போலி இரை) போட்டுக் கொஞ்சமாவது பழகியவர் என்றால் கனடாவின் சிம்கோ ஏரி. தூண்டிலே பிடித்திராதவர், அல்லது சின்னப் பிள்ளையையோ வயதான அப்பாவையோ கூட்டிப் போகிறவர் என்றால் புளோரிடாவின் ஒகீச்சோபி ஏரி. ஏன் என்று விரிவாகச் சொன்னால்தான் விளங்கும், ஏனென்றால் இரண்டிலும் "பாஸ்" என்று சொன்னாலும் மீனும் வேறு, தண்ணீரும் வேறு, கைட் செய்கிற வேலையும் வேறு.

ஒகீச்சோபி ஏறக்குறைய 1,890 சதுர கிலோமீற்றர். அவ்வளவு பெரிய ஏரிக்குச் சராசரி ஆழம் 3 மீற்றர்கூட இல்லை. 1928 சூறாவளியில் ஏரித் தண்ணீர் கரையை உடைத்து 2,500 பேருக்கு மேல் செத்தபிறகுதான் சுற்றிலும் இப்போதுள்ள பெரிய அணையைக் கட்டினார்கள். அதனால் வீதியில் போகும்போது ஏரி கண்ணில் படாது, புல் முளைத்த நீண்ட மேடு மட்டும்தான் தெரியும். அணையைத் தாண்டி உள்ளே போனால் நாணல், அல்லி, நீர்ப்பாசி என்று பச்சைக் காடு, அதற்குள் லார்ஜ்மவுத் (பெரிய வாய்) பாஸ். சிம்கோ 722 சதுர கிலோமீற்றர்தான், ஆனால் ஆழம் 41 மீற்றர் வரை போகிறது, அடியில் கல், தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிவு. அங்கே ராஜா ஸ்மோல்மவுத் (சின்ன வாய்) பாஸ். லார்ஜ்மவுத்தும் இருக்கிறது, தெற்கே குக்ஸ் பே என்கிற பாசி நிறைந்த குடாப் பக்கம். ஆனால் அதற்காக யாரும் சிம்கோவுக்குக் கைட் வைப்பதில்லை.

பொல்கொடவில் கரையோரச் செடிகளை ஒட்டிக் கொடுவாவுக்கு லூர் எறிந்தவருக்கும், வன்னிக் குளங்களில் தாமரை இலைமேல் தவளை லூரை இழுத்து விரால் எடுத்தவருக்கும் ஒகீச்சோபி உடனே பிடிபட்டுவிடும். அதே பெய்ற்காஸ்டர் ரீல், அதே தடித்த பிரெய்ட் நூல், அதே தவளை. விரால் தவளையை அடித்ததும் அவசரப்படாமல் ஒரு நொடி விட்டு இழுக்கப் பழகிய கை அங்கேயும் அப்படியே உதவும். கைட் புதிதாகச் சொல்லித்தர அதிகம் இருக்காது. எனக்கு அதுதான் அந்த ஏரியின் குறை.

அதைவிட, அங்கே கைட்டோடு போகிறவர்களில் பலர் லூரே போடுவதில்லை. கோல்டன் ஷைனர் என்கிற உயிர் மீனை இரையாகக் கொளுவி, மிதவை கட்டி, நாணல் ஓரமாக விட்டுக் காத்திருக்கிறார்கள். இரை மீன் பதறத் தொடங்கும், மிதவை நடுங்கும், பிறகு ஒரே இழுப்பில் உள்ளே போய்விடும். எட்டு இறாத்தல் மீன் வாழ்நாளில் ஒருமுறையாவது கையில் வரவேண்டும் என்றால் இதைவிட நல்ல வழி குறைவு, பத்து வயதுப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய சந்தோஷம் கொடுக்கிற மீன்பிடியும் எனக்குத் தெரியாது. ஆனால் இடத்தைத் தெரிந்தெடுத்தது, போட்டைக் கட்டியது, இரையைக் கொளுவியது எல்லாம் கைட். நீங்கள் சுற்றி எடுத்தீர்கள், அவ்வளவுதான். லூர்தான் வேண்டும் என்றால் புக் பண்ணும்போதே தெளிவாகச் சொல்லிவிடுங்கள், காலையில் போட் பக்கத்தில் நின்று சொன்னால் அன்றைக்கு ஷைனர்தான். ஷைனருக்கு டசின் கணக்கில் தனிக்காசு வாங்குவது வழக்கம், அதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது சிம்கோ. அந்த ஏரியின் கதையே தனி. கப்பல்கள் அடியில் நிரப்பிக்கொண்டு வந்த தண்ணீரோடு கருங்கடல், கஸ்பியன் கடல் பக்கத்து உயிரினங்கள் வட அமெரிக்கப் பேரேரிகளுக்குள் வந்து சேர்ந்தன, அவற்றில் இரண்டு சிம்கோவுக்கும் பரவின. ஒன்று ஸீப்ரா மஸல் என்கிற சிப்பி, அது தண்ணீரை வடிகட்டி வடிகட்டித் தெளிவாக்கிவிட்டது. மற்றது ரவுண்ட் கோபி என்கிற சின்ன அடிமீன். ஏரிக்கு இவை நல்லது செய்தன என்று சொல்லமாட்டேன், ஆனால் ஸ்மோல்மவுத் அந்தக் கோபியைத் தின்றே கொழுத்துவிட்டது. ஐந்து இறாத்தல் ஸ்மோல்மவுத் என்பது மற்ற ஏரிகளில் ஊருக்கே காட்டவேண்டிய மீன், சிம்கோவில் அதை நம்பிப் போகலாம்.

அங்கே கைட் கண் வைத்திருப்பது கரையில் இல்லை, தண்ணீருக்கு அடியில் இருப்பதைக் காட்டுகிற சோனார் திரையில். 25 அடி ஆழத்தில் ஒரு கல்மேடு, அதன் ஓரத்தில் இரண்டு கோடுகள், "இறக்கு" என்பார். மெல்லிய ஸ்பின்னிங் றொட், எட்டு இறாத்தல் தாங்குகிற ஃபுளோரோகார்பன் லீடர் (நூலின் நுனியில் கட்டுகிற மெல்லிய நூல்), விரல் நீள ரப்பர் லூர், அடியில் சின்ன ஈயம், இதைத்தான் டிராப் ஷொட் என்பார்கள். லூரை அசைக்காமல் வைத்திருப்பதுதான் வேலையே. கடி என்று ஒன்றும் பெரிதாகத் தெரியாது, நூல் கொஞ்சம் கனத்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். கொடுவாவின் ஓங்கிய அடிக்குப் பழகிய கை இதில் முதல் ஒரு மணித்தியாலம் தடுமாறத்தான் செய்யும். கொளுவிய பிறகு ஸ்மோல்மவுத் கீழே இழுக்கும், திடீரென்று மேலே வந்து பாயும், போட்டைப் பார்த்ததும் திரும்பவும் கீழே போகும். எடைக்கு எடை லார்ஜ்மவுத்தைவிட இதுதான் முரட்டு மீன், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பொல்கொடவின் கலங்கல் தண்ணீரில் இப்படித் திரை பார்த்துப் பிடிக்கப் பழகும் வாய்ப்பே நமக்குக் கிடைப்பதில்லை. அந்த மெல்லிய நூல் பழக்கம் திரும்பி வந்தபிறகும் உதவும்: லூர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போன கொடுவாவுக்குச் சின்ன ரப்பரும் மெல்லிய லீடரும் போட்டுப் பாருங்கள்.

காலம் பார்க்காமல் டிக்கட் போட்டால் எல்லாம் வீண். சிம்கோவில் பாஸ் சீசன் ஜூன் பிற்பாதியில்தான் திறக்கும், டிசம்பர் நடுப்பகுதியில் மூடிவிடும், ஆகவே சித்திரை லீவுக்குப் போய் பாஸ் கேட்டால் கிடையாது. ஆகஸ்ட்டில் மீன் ஆழத்தில் நிற்கும், பரவாயில்லை, நன்றாகவே கடிக்கும். பெரிய மீனுக்கான உச்சக் காலம் ஒக்டோபர், ஆனால் விரல் மரத்துப்போகிற குளிர். ஒகீச்சோபி வருடம் முழுக்கத் திறந்திருக்கிறது, நல்ல காலம் டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை, மீன் முட்டையிடக் கரைக்கு வருகிற நேரம். ஆகஸ்ட்டில் அங்கே வெயில், பின்னேரம் இடி மின்னல், நீலப்பச்சைப் பாசி, சூறாவளிக் காலம் வேறு. டிசம்பரிலும் ஒரு சிக்கல்: வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்கினால் புளோரிடா பாஸ் ஓரிரு நாள் வாயே திறக்காது. ஒரு நாளை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

செலவைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டு இடத்திலும் கைட்டுக்குச் சில நூறு டொலர், அதற்கு மேல் 15 முதல் 20 வீதம் டிப்ஸ். பாஸ் போட்டில் பொதுவாகக் கைட்டோடு இரண்டு பேர்தான், நாலு பேர் குடும்பம் என்றால் இரண்டு போட். லைசன்ஸை நீங்கள்தான் எடுக்கவேண்டும். புளோரிடாவில் வெளியூர்க்காரருக்கு மூன்று நாள் லைசன்ஸ் 17 டொலர், 16 வயதுக்குக் கீழே தேவையில்லை. சிம்கோ இருக்கிற ஒன்ராறியோவில் ஒரு நாள் லைசன்ஸ் கிடைக்கும். "65 தாண்டினால் இலவசம்" என்று மாமா சொல்வார், அது கனடாவில் வசிப்பவர்களுக்கு, கொழும்பிலிருந்து போகிற அப்பாவுக்கு இல்லை. பயணத்தைப் பார்த்தால் ஸ்காபுறோவிலிருந்து 404 நெடுஞ்சாலையில் ஒரு மணித்தியாலம் ஓடினால் சிம்கோவின் தெற்குக் கரை. ஒகீச்சோபிக்கு அமெரிக்க விசா, இன்னொரு விமானம், மயாமியிலிருந்து ஏறக்குறைய இரண்டு மணித்தியாலக் கார் ஓட்டம், ஏரிக்கரை ஊரான கிளூயிஸ்டனில் தங்க அறை.

பிடித்ததைக் குழம்பு வைக்கலாமா என்று வீட்டில் கட்டாயம் கேட்பார்கள். சட்டப்படி வைக்கலாம். புளோரிடாவில் ஆளுக்கு ஐந்து பாஸ், அதில் ஒன்று மட்டும்தான் 16 அங்குலமோ அதற்கு மேலோ இருக்கலாம். ஆனால் பெரும்பாலான கைட்கள் திருப்பி விடுவதையே எதிர்பார்க்கிறார்கள், நானும் அதையே சொல்வேன், பெரிய மீன்தான் அடுத்த தலைமுறைக்கு முட்டை போடுகிறது. சாப்பிட ஆசை என்றால் சிம்கோவில் மஞ்சள் பேர்ச் பிடியுங்கள், பொரித்தால் அருமை.

ஜப்பானின் பிவா ஏரியை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். 2009 ஜூலை 2 அன்று மனாபு குரிதா 10.12 கிலோ லார்ஜ்மவுத் எடுத்து, 1932இல் ஜோர்ஜியாவில் ஜோர்ஜ் பெரி வைத்த உலக சாதனையைச் சமப்படுத்தியது அங்கேதான். ஆனால் அங்கே பாஸ் அந்நிய ஆக்கிரமிப்பு மீன், பிடித்ததைத் திரும்ப ஏரியில் விடக்கூடாது என்று 2003 முதல் ஷிகா மாகாணத்தில் விதி. அந்த விதி நியாயமானது, சொந்த மீன்களைக் காப்பாற்ற அவர்களுக்கு வேறு வழியில்லை. "பொல்கொடவிலும் கொஞ்சம் பாஸ் குஞ்சு விட்டால் என்ன" என்று இங்கே சிலர் கதைப்பதைக் கேட்டால் எனக்கு வயிறு எரிகிறது. கொழும்பைச் சுற்றியுள்ள தண்ணீரில் டாங்க் கிளீனர் மீன் பெருகியதே போதும். தயவுசெய்து வேண்டாம்.

கடைசியாக, இரண்டு ஏரியும் காற்றடித்தால் பொல்லாதவை. சிம்கோவில் அலை எழும்பும், ஒகீச்சோபியில் ஆழம் இல்லாததால் தண்ணீர் சேறாகிவிடும். முற்பணம் கட்டுவதற்கு முன் கைட்டிடம் கேளுங்கள்: காற்றால் போகமுடியாவிட்டால் காசு திரும்ப வருமா, இல்லை வேறு நாள் மட்டும்தான் தருவாரா? நமக்கு வேறு நாள் என்றால் அடுத்த வருடம்.