செராமிக் பிரேக் உள்ள பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப்போகிறவர்களுக்கு: தடிமனைக் காட்டி எட்டு மாதச் சம்பளத்தைப் பறித்துவிட்டார்கள்

பயன்படுத்திய ஸ்போர்ட்ஸ் கார்களை மட்டுமே வாங்கி விற்கும் ஒரு கடையை நம்பி, என் எட்டு மாதச் சம்பளத்தை இழந்து நிற்கிறேன். இது காரின் விலை என்று யாரும் எண்ண வேண்டாம். அந்தக் காரின் கார்பன் செராமிக் பிரேக் டிஸ்க்குகளையும் (சக்கரத்தோடு சுழலும் தட்டுகள்) பேட்களையும் (அவற்றை அழுத்திப் பிடிக்கும் உராய்வுக் கட்டைகள்) மாற்றுவதற்கு மட்டும் ஆகும் தொகை இது. அதற்கான மதிப்பீட்டுச் சீட்டு நேற்று மாலைதான் கைக்கு வந்தது. கோபம் ஆறிய பிறகு எழுதினால் நடந்ததைப் பூசி மெழுகிவிடுவேன் என்பதால் இப்போதே எழுதுகிறேன். வழக்கறிஞர் அறிவுறுத்தியிருப்பதால் கடையின் பெயரைச் சொல்லவில்லை. வாங்கும் முன் என்னென்ன சோதிக்க வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாகத் தருகிறேன்.

பந்தயத் தடத்தில் ஓட்டுவதற்காகத்தான் கார் தேடுகிறேன் என்பதை முதல் சந்திப்பிலேயே அந்த விற்பனையாளரிடம் தெளிவாகக் கூறினேன். அவரும் அதைக் கேட்டு மகிழ்ந்து, அப்படியானால் செராமிக் பிரேக் உள்ள வண்டியைத்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லி, இதே மாடலில் வார்ப்பிரும்பு டிஸ்க் உள்ள இன்னொரு காரைவிடக் கணிசமாகக் கூடுதல் விலை குறித்திருந்த இந்தக் காரிடம் அழைத்துச் சென்றார். பிரேக் எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டேன். உடனே ஒரு பணியாளரை அழைத்து, காரை லிஃப்டில் ஏற்றி, நான்கு சக்கரங்களையும் கழற்றச் செய்தார். என் கண் முன்னே மைக்ரோமீட்டரை வைத்து ஒவ்வொரு டிஸ்க்கின் தடிமனையும் அளந்து, அளவை என்னையே படிக்கச் சொன்னார். புதிய டிஸ்க்கின் தடிமனுக்கும் அதற்கும் வேறுபாடே இல்லை. விளிம்பில் விரலை வைத்துத் தடவச் சொன்னார். தேய்ந்த இரும்பு டிஸ்க்கின் ஓரத்தில் தட்டுப்படும் மேடு எதுவும் இல்லை. "சார், இவை காரின் ஆயுளுக்கும் வரும், பேட் மட்டும் மாற்றிக்கொண்டே இருங்கள்" என்றார். அந்த அளவுகளை எழுதி, "டிஸ்க் தேய்மானம் இல்லை" என்று குறித்து, கடை முத்திரையிட்ட ஆய்வுச் சீட்டையும் கையில் கொடுத்தார். கேட்காமலே சக்கரத்தைக் கழற்றிக் காட்டுகிற ஒருவர் எதை மறைக்க முடியும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அந்த நம்பிக்கையை உண்டாக்குவதற்காகவே அந்தக் காட்சி நடத்தப்பட்டது என்பதில் எனக்கு இப்போது சிறிதும் ஐயமில்லை.

தடத்தில் இறங்கிய சில நாட்களிலேயே மாற்றம் தெரிந்தது. நீண்ட நேர்ப்பாதையின் முடிவில் அழுத்திப் பிரேக் பிடிக்கும்போது பெடலில் அதிர்வு வந்தது. பேட்கள் வேகமாகக் கரைந்தன. டிஸ்க்கின் பரப்பு ஆங்காங்கே சொரசொரப்பாகித் திட்டுத் திட்டாகத் தெரிந்தது. காரின் தயாரிப்பாளரே நடத்தும் பணிமனைக்குக் கொண்டு போனேன். அங்கிருந்த மெக்கானிக் மைக்ரோமீட்டரைத் தொடவே இல்லை. டிஸ்க்குகளைக் கழற்றி, தூசியை நீக்கி, தராசில் வைத்தார். டிஸ்க்கின் நடுவிலுள்ள உலோகப் பகுதியில் பொறிக்கப்பட்டிருந்த குறைந்தபட்ச எடையை எனக்குக் காட்டினார். முன் டிஸ்க்குகள் இரண்டும் அந்த எடைக்குக் கீழே இறங்கியிருந்தன. பின் டிஸ்க்குகள் அந்த எல்லையை ஒட்டியிருந்தன. இவற்றோடு இனித் தடத்துக்குப் போகக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஏன் எடை, ஏன் தடிமன் போதாது என்பதை அவர் விளக்கினார். கார்பன் இழைகளைப் பிசினோடு சேர்த்து அச்சில் வார்த்து, காற்றில்லாச் சூளையில் கரியாக்கி, அதன் துளைகளுக்குள் உருகிய சிலிக்கானைப் புகுத்தும்போது, சிலிக்கான் கார்பைடு உருவாகிச் செராமிக் டிஸ்க் பிறக்கிறது. சிலிக்கான் கார்பைடு மிகக் கடினமானது. ஆகவே உராய்வினால் தடிமன் குறைவது அரிது. ஆனால் உள்ளே இருக்கும் கார்பன் இழை, சுமார் 400 டிகிரி செல்சியஸுக்கு மேல் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல எரிந்து வாயுவாகப் போய்விடும். சாலையில் செல்லும் காரில் அந்த வெப்பம் அபூர்வம். தடத்தில் அது ஒவ்வொரு சுற்றிலும் வரும். 1500 கிலோ எடையுள்ள கார் ஒன்றை மணிக்கு 200 கிலோமீட்டரிலிருந்து 80 கிலோமீட்டருக்குக் குறைக்க ஏறக்குறைய 1.9 மெகாஜூல் ஆற்றலை வெப்பமாக மாற்ற வேண்டும். நகரச் சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிறுத்துவதைப்போல இது பதின்மூன்று மடங்கு. செராமிக் டிஸ்க்கின் எடை இரும்பு டிஸ்க்கின் எடையில் பாதியளவுதான் என்பதால், அதே வெப்பம் அதை இன்னும் அதிகச் சூடாக்குகிறது. இப்படிப் பலமுறை சூடேறிய டிஸ்க், கரையான் அரித்த உத்தரம்போல வெளி அளவு குறையாமலே உள்ளுக்குள் வெறுமையாகிவிடும். மைக்ரோமீட்டரில் அது புதிதாகவே தெரியும்.

செராமிக் பிரேக் மோசமானது என்று நான் சொல்லவில்லை. 2001இல் போர்ஷே தன் 911 ஜிடி2 காரில் இதைக் கொண்டுவந்த காலத்திலிருந்து இதன் இலகுத்தன்மையும், சூடேறினாலும் பிடி தளராத குணமும் பாராட்டப்பட்டு வருகின்றன. அவற்றை நானும் அனுபவித்தேன். தடத்தில் ஓட்டினால் ஆயுள் வெகுவாகக் குறையும் என்று தயாரிப்பாளர்களே விலைப்பட்டியலின் அடிக்குறிப்பில் அச்சிட்டிருக்கிறார்கள். இந்தத் தொழிலில் இருப்பவருக்கு அது தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை.

பணிமனையின் பதிவேடு இன்னொன்றையும் காட்டியது. எனக்கு முந்தைய உரிமையாளரின் காலத்தில், மிகக் குறைந்த தூர இடைவெளிகளில் பேட்கள் திரும்பத் திரும்ப மாற்றப்பட்டிருக்கின்றன. சாலையில் மட்டும் ஓடிய காரில் அது நடக்காது. "ஒரே உரிமையாளர், வார இறுதியில் மட்டும் ஓடிய வண்டி" என்று சொல்லி விற்ற கடை, பராமரிப்புச் சீட்டுகளில் இந்தப் பக்கங்களை மட்டும் எனக்குத் தரவே இல்லை.

கடையைத் தொடர்பு கொண்டேன். அன்று அவ்வளவு அன்பாகப் பேசிய அதே விற்பனையாளர், செராமிக் தேயவே தேயாது என்றும், பணிமனைக்காரர்கள்தான் என்னிடம் பணம் பறிக்கப் பார்க்கிறார்கள் என்றும் முதலில் சொன்னார். எடைச் சீட்டை அனுப்பியதும், தடத்தில் ஓட்டியதால் ஏற்பட்ட சேதத்துக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்றார். தடத்துக்கென்றே இந்தக் காரைப் பரிந்துரைத்தவர் அவர்தான் என்பதை நினைவூட்டியபோது, மேலாளரிடம் பேசுங்கள் என்றார். மேலாளர் கூட்டத்தில் இருந்தார், பிறகு பயணத்தில் இருந்தார், பிறகு திரும்ப அழைப்பார் என்றார்கள். கடைசியில் நேரில் போய் அமர்ந்த பிறகுதான் வெளியே வந்தார். அவர் சொன்ன பதிலை என்னால் மறக்க முடியவில்லை: "நாங்கள் சான்று கொடுத்தது தடிமனுக்குத்தான் சார், எடை சரியாக இருக்கிறது என்று எங்கேயாவது எழுதியிருக்கிறோமா?" அப்படியானால் எடைதான் கணக்கு என்பது அவருக்கு விற்கும்போதே தெரியும். தெரிந்தும், ஒன்றையும் காட்டாத ஓர் அளவை மைக்ரோமீட்டர் வைத்து எனக்குப் படிக்கக் கொடுத்திருக்கிறார்கள். எட்டு மாதச் சம்பளத்தை இழக்கப்போகிற ஒருவனிடம், நல்லெண்ணத்தின் அடையாளமாக ஒரு செட் பேட் இலவசமாகத் தருகிறோம் என்றும் சொன்னார். அந்தப் பேட்களை எந்த டிஸ்க்கில் பொருத்துவது? இப்போது என் எண்ணிலிருந்து வரும் அழைப்பை அங்கே யாரும் எடுப்பதில்லை.

பணத்தைவிட என்னைக் கொதிக்க வைப்பது வேறு. குறைந்தபட்ச எடைக்குக் கீழே போன டிஸ்க் வலுவிழந்த டிஸ்க். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் அதை நம்பித்தான் ஒவ்வொரு வளைவுக்குள்ளும் இறங்கியிருக்கிறேன். அது தெரிந்தே ஒருவர் என் கையில் சாவியைக் கொடுத்து வாழ்த்துச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

விரிவாக எழுதுவதாகச் சொன்ன சோதனைகளை இப்போது சுருக்கமாகத்தான் சொல்ல முடிகிறது. வழக்கறிஞருக்கான ஆவணங்களை இன்றிரவே அடுக்க வேண்டும். தடிமன் அளவை ஏற்காதீர்கள். டிஸ்க்கைக் கழற்றி எடை போடச் சொல்லி, பொறித்துள்ள குறைந்தபட்ச எடையோடு ஒப்பிட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சில டிஸ்க்குகளைக் கழற்றாமலே சோதிக்கும் மின்கருவி பெரிய பணிமனைகளில் உண்டு. அந்த அறிக்கையும் போதும். பரப்பில் திட்டுகளோ, வெளித்தெரியும் இழைகளோ, விளிம்பில் சில்லு பெயர்ந்த இடமோ இருந்தால் விலகி நில்லுங்கள். காரின் பராமரிப்பு வரலாற்றைக் கடையிடம் கேட்காமல் தயாரிப்பாளரின் பணிமனையிலேயே கேளுங்கள். பேட் எத்தனை தூரத்துக்கு ஒருமுறை மாற்றப்பட்டது என்று பாருங்கள். தடத்தில் ஓட்டுகிறவர்கள் பேட் பாதி தேய்வதற்குள் மாற்றுங்கள், கடைசிச் சுற்றைப் பிரேக் பிடிக்காமல் ஆறவிட்டு ஓட்டுங்கள். விற்பவர் எடை போட மறுத்தால், நான்கு டிஸ்க்குகளின் முழு விலையையும் காரின் விலையிலிருந்து கழிக்கச் சொல்லுங்கள். அதற்கும் இணங்காவிட்டால் முன்பணம் கொடுக்காமல் வெளியே வந்துவிடுங்கள்.