பால்டர்ஸ் கேட் 3: நான்கு பேர் ஆடலாம், ஒருவர்தான் பேசலாம்

"மேஜையில் டி அண்ட் டி ஆடிய நாலு பேர், இப்போது ஆளுக்கொரு ஊரில் இருக்கிறோம். பால்டர்ஸ் கேட் 3க்குத் தள்ளுபடி போட்டிருக்கிறான், வாங்கலாமா?" பகடை உருட்டிக் கதை நடத்தும் டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) மேஜை ஆட்டத்தை வைத்து லேரியன் நிறுவனம் செய்த வீடியோ கேம் அது. 2025 ஏப்ரலில் பேட்ச் 8 என்ற புதுப்பிப்பு வந்து, பிசியும் பிளேஸ்டேஷனும் எக்ஸ்பாக்ஸும் ஒரே ஆட்டத்தில் சேரலாம் என்று ஆனபிறகு இந்தக் கேள்வி அதிகமாகிவிட்டது. நல்ல கேள்விதான். ஆனால் பதில் சொல்ல ஆரம்பித்தால் கோபம் வந்துவிடுகிறது. ஆகவே விரிவாக எழுதிவிடுகிறேன்.

150 ஜிபி எஸ்எஸ்டி இடம், 12வது லெவலோடு நிற்கும் உச்சவரம்பு, டி அண்ட் டியின் ஐந்தாம் பதிப்பு விதிகள் என்ற அடிப்படை விவரங்களெல்லாம் தெரிந்தவர்களுக்குத்தான் இது. தனியாக ஆடுகிறவர்களுக்கு இங்கே ஒன்றுமில்லை. தனி ஆட்டமாக இது எவ்வளவு நல்லது என்று ஊரே சொல்லிவிட்டது.

முதலில் நல்லதைச் சொல்கிறேன், பிறகு மனசு வராது.

சண்டை வரிசை. மேஜையில் இனிஷியேட்டிவுக்கு, அதாவது யார் முதலில் ஆடுவது என்று தீர்மானிக்க, இருபது முகப் பகடை. இங்கே லேரியன் அதைத் தூக்கிவிட்டு நான்கு முகப் பகடை வைத்திருக்கிறது. முதல் பார்வையில் இது சில்லறை மாற்றம், சில பேருக்கு அபசாரமாகக்கூடத் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) 16 உள்ளவருக்குப் பகடையோடு +3, ஆக அவர் எண் 4 முதல் 7 வரை. டெக்ஸ்டெரிட்டி 8 உள்ளவருக்கு −1, ஆக 0 முதல் 3 வரை. முதலாமவர் எப்போதும் முந்துவார், விதிவிலக்கே கிடையாது. மேஜையில் அதே இருவருக்கும் 4–23, 0–19. அங்கே யார் முந்துவார் என்பது பெரும்பாலும் அதிர்ஷ்டம். இங்கே கதாபாத்திரத்தை எப்படிக் கட்டினீர்கள் என்பதே தீர்மானிக்கிறது. அலெர்ட் என்ற ஃபீட் (கூடுதல் திறமை) தரும் +5, 2014 மேஜை விதியில் சுமாரான வசதி. இங்கே அது கிட்டத்தட்ட முதலிடத்துக்கு முன்பதிவு.

இதில் கிடைக்கிற உண்மையான லாபம் வேறு. எண்களின் வீச்சு சிறியதால் நம் ஆட்கள் வரிசையில் அடுத்தடுத்து வந்து விழுவது சகஜம். நடுவில் எதிரி இல்லாமல் அடுத்தடுத்து நின்றால் அவர்களுடைய டர்ன் ஒன்றாகிவிடும், இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில் ஆடலாம். தனியாக ஆடும்போது இது வெறும் சௌகரியம். நான்கு பேர் ஹெட்செட் மாட்டிக்கொண்டு ஆடும்போதுதான் இதன் அருமை தெரியும். கிளெரிக் (பூசாரி) கிரியேட் வாட்டர் மந்திரம் போட்டு எதிரிகளை நனைக்கிறார். நனைந்தவர்களுக்கு மின்னலும் குளிரும் இரட்டிப்பு சேதம். அடுத்த நொடியே சோர்சரர் (மந்திரவாதி) லைட்னிங் போல்ட் என்ற மின்னலை விடுகிறார். இடையில் எதிரி விலகி ஓட வாய்ப்பே இல்லை. "இரு, நான் முதல்ல", "நீ இடப்பக்கம் போ" என்று ஒரே கூச்சல். மேஜையில் தன் டர்ன் வரும்வரை போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆசாமிகூட இங்கே விழித்திருப்பார். (ஒருவர் ஃபயர்பால் என்ற தீப்பந்தைக் குறிவைக்கும்போதே இன்னொருவர் அதற்குள் ஓடி நுழைவதும் உண்டு. தன் ஆளையும் சுடும் விளையாட்டு இது, தன் ஆளை விட்டுச் சுடத் தெரிந்த இவோகேஷன் வகை விசார்டைத் தவிர.) மேஜை விதியை மாற்றி மேஜையைவிட நன்றாகச் செய்த இடம் என்று கைகாட்ட வேண்டுமானால் இதைத்தான் காட்டுவேன்.

தள்ளுவதும் குதிப்பதும் மருந்து குடிப்பதும் போனஸ் ஆக்‌ஷன் (டர்னில் முக்கியச் செயலோடு கூடுதலாகச் செய்யும் சிறு செயல்) ஆனதும் நல்லதற்கே. ரெடி ஆக்‌ஷன் இல்லை, டாட்ஜ் ஆக்‌ஷனும் இல்லை. "கதவு திறந்ததும் அம்பு விடுவேன்" என்று காத்திருக்க முடியாது. அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுக்க முடியாதது பேச்சு.

மேஜையில் ஒரு காவலன் வழிமறித்தால் என்ன நடக்கும்? நான்கு பேரும் பேசுவார்கள். பார்ட் (பாணர்) பொய் சொல்வார், பார்பேரியன் (முரட்டு வீரர்) முறைப்பார், விசார்ட் (படித்த மந்திரவாதி) நடுவே ஒரு சரித்திரக் குறிப்பை எடுத்து வைப்பார், ஆட்டத்தை நடத்தும் டிஎம் நால்வரையும் கேட்டுவிட்டு யார் பகடை உருட்டுவது என்று சொல்வார். டி அண்ட் டியில் பாதி அதுதான். பால்டர்ஸ் கேட் 3இல் யார் முதலில் கிளிக் செய்தாரோ, அல்லது யார் தெரியாத்தனமாக அந்த இடத்தில் கால் வைத்தாரோ, அவர்தான் பேசுவார். ஆரம்பத்திலிருந்து முடிவு வரை. மற்ற மூவர் அருகே போய்க் கேட்கலாம், எந்த பதிலைச் சொல்வது என்று வாக்களிக்கலாம். வாக்குக்கு மதிப்பில்லை, கடைசிச் சொல் பேசுபவருடையது. பகடையும் அவருடைய எண்ணை வைத்துத்தான்.

கிளிக் செய்து தொடங்கும் உரையாடலை ஒழுங்குபடுத்திவிடலாம், "பார்ட் மட்டும் பேசட்டும்" என்று ஒப்பந்தம் போட்டால் போதும். தானாகத் தொடங்கும் காட்சிகள்தான் வினை. கதையின் முதல் ஆக்டில் எமரால்ட் குரோவ் என்ற இடத்தின் வாசலில் கோப்ளின்களோடு சண்டை முடிந்ததும் ஒரு வாக்குவாதம் வெடிக்கிறதே, அது அருகில் நிற்பவரை இழுத்துக்கொள்ளும். சண்டை முடிந்த கையோடு முன்னால் நிற்பது யார்? கோடரி வைத்திருப்பவர்தான். உள்ளே காகா என்ற தலைவியின் முன்னால் பிடிபட்ட ஒரு சிறுமி நிற்கும் காட்சியும் அப்படியே. யார் முதலில் உள்ளே நுழைகிறாரோ அவர் கையில் ஒரு பிள்ளையின் உயிர்.

இதன் விலையை எண்ணில் சொல்கிறேன். பேச்சில் ஜெயிக்க இருபது முகப் பகடையும் கூட்டலும் சேர்ந்து எட்டவேண்டிய இலக்கு எண் 15 என்று வைத்துக்கொள்வோம். காரிஸ்மா (வசீகரம்) 16, பெர்சுவேஷனில் (இணங்கவைக்கும் பேச்சில்) பயிற்சி உள்ள முதல் லெவல் பார்டுக்கு +5. பத்து அல்லது அதற்கு மேல் விழ வேண்டும், வாய்ப்பு 55 சதவீதம். காரிஸ்மா 8, பயிற்சி இல்லாத பார்பேரியனுக்கு −1. பதினாறு அல்லது மேலே விழ வேண்டும், 25 சதவீதம். நான்கு முகப் பகடை ஒன்றைக் கூட்டித் தரும் கைடன்ஸ் மந்திரம் சேர்த்தால் முதலாமவருக்கு 67.5, இரண்டாமவருக்கு 37.5. பார்ட் பக்கத்திலேயே நிற்கிறார், வாய் திறக்க முடியவில்லை. மேஜையில் இப்படி ஒரு டிஎம் ஆட்டம் நடத்தினால் அடுத்த வாரம் யாரும் வரமாட்டார்கள்.

இதோடு இன்னொன்று. ஐந்தாம் பதிப்பின் எழுத்துப்படி, திறன் சோதனையில் 1 விழுந்தால் தானாகத் தோல்வி என்று விதி கிடையாது. அது தாக்குதல் பகடைக்கு மட்டும். இங்கே திறன் சோதனைக்கும் 1 என்றால் தோல்விதான். +9 வைத்திருக்கும் ரோக் (திருடர்) இலக்கு 10 உள்ள பூட்டின் முன் நின்றாலும் இருபதில் ஒரு தடவை தோற்பார், தீவ்ஸ் டூல்ஸ் என்ற பூட்டுத் திறக்கும் கருவியும் போகும். பூட்டுக்கு அது பரவாயில்லை. பேச்சில் அது விழும்போது, ஏற்கெனவே வாயடைத்து உட்கார்ந்திருக்கும் மூவரும் சேர்ந்து பெருமூச்சு விடுவார்கள்.

நியாயமாகப் பார்த்தால் காரணம் புரிகிறது. எதிராளிகளின் வசனங்கள் நடிகர்கள் பேசி, உடலசைவோடு பதிவு செய்யப்பட்டவை. கேமரா பேசுபவர் முகத்துக்கும் எதிராளி முகத்துக்கும் மாறி மாறிப் போகிறது. அந்த ஃபிரேமுக்குள் நான்கு பேரை, அதுவும் எந்த உயரத்தில் எந்த இனத்தில் உருவாக்கியிருப்பார்கள் என்று தெரியாத நான்கு பேரை நிறுத்திப் பேசவைப்பது பெரிய வேலை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பகடையை மட்டுமாவது பகிர்ந்திருக்கலாமே? இந்த நிறுவனத்துக்கு இது தெரியாத வித்தையும் இல்லை. 2014இல் வந்த அவர்களுடைய டிவினிட்டி: ஒரிஜினல் சின்னில் இரண்டு பேர் ஆடும்போது கருத்து வேறுபட்டால் கல்-காகிதம்-கத்தரி ஆடித் தீர்க்க வேண்டும். அசட்டுத்தனமான ஏற்பாடுதான், ஆனால் இருவருக்கும் வாய் இருந்தது. 2017இல் அதன் இரண்டாம் பாகத்தில் கேம் மாஸ்டர் மோடே கொடுத்தார்கள், ஒரு மனிதர் உட்கார்ந்து கதையை நடத்தலாம். அதற்கும் முன்னால் 2002இலேயே பயோவேரின் நெவர்விண்டர் நைட்ஸில் டிஎம்முக்கென்று தனி மென்பொருள். அவர் எந்த என்பிசிக்குள்ளும் (ஆடுபவர்கள் இயக்காத பாத்திரத்துக்குள்ளும்) புகுந்து நேரடியாகப் பேசலாம். படம் கரடுமுரடு, பேச்சு உயிரோடு இருந்தது. மேஜை ஆட்டத்தை நெட்டுக்குக் கொண்டுவருவதில் இருபது வருடம் முன்னால் இருந்ததைவிட இந்த ஒரு விஷயத்தில் பின்னால் போயிருக்கிறோம் என்பதுதான் எரிச்சல்.

சரி, வாங்கிவிட்டவர்கள் என்ன செய்யலாம்?

கதாபாத்திரம் உருவாக்கும் திரையிலேயே வேலையை முடியுங்கள். பேச்சுத் திறன் நால்வருக்கும் ஆளுக்கு ஒன்றாவது வேண்டும். கிளாஸ் (பார்ட், ரோக் போன்ற வகை) தருவது எதுவாக இருந்தாலும் பேக்கிரவுண்ட் (முன்கதை) இரண்டு திறன் தரும். சோல்ஜர் எடுத்தால் அத்லெடிக்ஸும் இண்டிமிடேஷனும் (மிரட்டலும்), பார்பேரியனுக்கும் ஃபைட்டருக்கும் இதுதான் பொருத்தம். கில்ட் ஆர்ட்டிசன் எடுத்தால் இன்சைட்டும் பெர்சுவேஷனும். நோபிள் எடுத்தால் ஹிஸ்டரியும் பெர்சுவேஷனும், விசார்டுக்குச் சரி. சார்லட்டன் எடுத்தால் டிசெப்ஷனும் (ஏமாற்றுப் பேச்சும்) ஸ்லைட் ஆஃப் ஹாண்டும் (கைவித்தையும்), ரோகுக்கென்றே செய்தது. பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். கேம்பில் (முகாமில்) இருக்கும் விதர்ஸ் என்ற பாத்திரத்திடம் 100 தங்கம் கொடுத்தால் கிளாஸையும் எண்களையும் திறன்களையும் மாற்றலாம், பேக்கிரவுண்டை மாற்ற முடியாது. காரிஸ்மாவை 8இல் போடும் பழக்கத்தையும் விடுங்கள். ஆளை உருவாக்கத் தரும் 27 புள்ளியில் 8லிருந்து 10க்கு இரண்டு புள்ளிதான் செலவு. −1 பூஜ்யமாகும்.

கைடன்ஸ் உள்ளவர் பேசுபவரைத் தொடும் தூரத்தில் நிற்கவேண்டும். உரையாடலுக்கு வெளியே இருப்பவர் சுதந்திரமாக நடமாடலாம் என்பதால், பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே பேசுபவர் மேல் மந்திரம் போடலாம். பத்து டர்ன்தான் நிற்கும், அதாவது ஒரு நிமிடம். ரொம்ப முன்னாலேயே போட்டு வீணாக்க வேண்டாம். அதற்கு கான்சென்ட்ரேஷன் (ஒரு நேரத்தில் ஒரே மந்திரத்தில் வைக்கும் கவனம்) தேவை என்பதை கிளெரிக் மறந்தால், ஏற்கெனவே போட்ட பிளெஸ் போன்ற மந்திரங்கள் அறுந்துவிடும்.

நடையில் ஒழுங்கு வேண்டும். புது அறை, புது வாசல் என்றால் பார்ட் முன்னால், மற்றவர்கள் பின்னால். சண்டை முடிந்ததும் யாரும் முன்னால் ஓடாமல் இருப்பது கஷ்டம், கொள்ளைப் பொருள் கிடக்குமே. அந்த ஒரு நிமிடம் பொறுக்கத் தெரிந்த கோஷ்டி பாதிப் பிரச்சினையைத் தாண்டிவிடும்.

நான்கு பேரும் சொந்தக் கதாபாத்திரம் உருவாக்கினால் கோஷ்டி நிரம்பிவிடும், ஆட்டமே தரும் துணைவர்களான ஷேடோஹார்ட், அஸ்டேரியன், கார்லாக் எல்லாரும் கேம்பில் உட்கார்ந்திருப்பார்கள். ஆட்டத்தின் சிறந்த எழுத்து அவர்களிடம்தான் இருக்கிறது. ஒருவர் சொந்த ஆளுக்குப் பதில் கார்லாக்கையே எடுத்து ஆடலாம், பார்பேரியனும் கிடைத்தமாதிரி. பாதியில் ஒருவர் விலகிப்போனால் அவருடைய ஆள் கோஷ்டியிலேயே ஒட்டிக்கொண்டிருப்பது ஆரம்பத்தில் பெரிய தலைவலி. 2023 ஆகஸ்ட் கடைசியில் வந்த பேட்ச் 2 கேம்பில் ஓர் அலமாரியை வைத்து அதைத் தீர்த்தது, போனவரை அதற்குள் அனுப்பிவிடலாம். மாட் (ரசிகர்கள் செய்த கூடுதல் மாற்றம்) போடுவதானால் எல்லாரிடமும் ஒரே மாட், ஒரே பதிப்பு இருக்க வேண்டும். பிசியில் மட்டும் ஓடும் மாட் இருந்தால் கன்சோல் நண்பர் வெளியேதான். வெவ்வேறு கருவியிலிருந்து சேர்ந்து ஆடும் கிராஸ்-பிளேக்கு லேரியன் கணக்கை இணைப்பதும் கட்டாயம். லாங் ரெஸ்டுக்கு (இரவு ஓய்வுக்கு) நால்வரும் சம்மதிக்க வேண்டும், 40 புள்ளி மதிப்புக்கு உணவு வேண்டும், கடின நிலைகளான டாக்டீஷியனிலும் ஹானர் மோடிலும் 80. எவர் பையில் எவ்வளவு சாப்பாடு என்று விசாரித்துக்கொண்டு நிற்காமல், எடுத்ததும் கேம்புக்கு அனுப்பிவிடுங்கள்.

இரண்டு பேர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஆளுக்கு ஒரு சொந்தக் கதாபாத்திரம், ஆளுக்கு ஒரு துணைவர். பேசும் வேலையைப் பாதிப் பாதி பிரித்துக்கொள்ளலாம், ஒரே திரையைப் பிளந்தும் ஆடலாம். மூன்று பேர் என்றால் யோசிக்க வேண்டியது. நான்கு பேருக்கு என் பதில், வேண்டாம். மேஜையில் ஆடிப் பழகியவர்களுக்கு இரண்டு மடங்கு வேண்டாம், ஏனென்றால் என்ன இல்லை என்பது அவர்களுக்குத்தான் தெரியும். வீடியோ கால் போட்டு பழைய பகடையை உருட்டுங்கள், செலவும் மிச்சம்.

ஆனால் ஹானர் மோடில், ஒரே ஒரு சேவ் வைத்துக்கொண்டு, வரிசையில் நம் நால்வரும் அடுத்தடுத்து விழுந்து, நால்வரும் ஒரே மூச்சில் ஆடும் சண்டைக்கு ஈடாக வேறு எந்த டி அண்ட் டி வீடியோ கேமிலும் ஒன்றும் கிடையாது. அதையும் சொல்லாமல் விட்டால் பொய்யாகும். அப்போதும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.