கேமரா மேல் தப்பில்லை: படம் ஏறாத பதினோரு வருட அனுபவம்

வீடு திருவான்மியூரில், பீச்சுக்கு நடந்தே போய்விடலாம். 2014-இல் செகண்ட் ஹேண்டில் வாங்கிய டிஎஸ்எல்ஆர் கேமரா இன்னும் என்னிடம் ஓடுகிறது. படம் எடுப்பதில் அது ஒருநாளும் காலை வாரியதில்லை. எடுத்ததைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்குள்தான் உயிர் போய் உயிர் வரும்.

முதல் வருடத் தலைவலி கேபிள். கேமராவோடு கேபிள் வரவில்லை, வீட்டில் கிடந்த மினி யுஎஸ்பி கேபிளைச் சொருகினேன், கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவே இல்லை. கேமராவுக்கான டிரைவர் மென்பொருளை அழித்துத் திரும்பப் போட்டேன், கேமரா மெனுவைக் குடைந்தேன், கடைசியில் விண்டோஸையே புதிதாகப் போட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன். மறுநாள் ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடை ஒன்றில் கேபிளைக் கையில் வாங்கிப் பார்த்த பையன், "சார், இது சார்ஜ் ஏத்துற கேபிள். உள்ள டேட்டா லைனே கிடையாது, நீங்க தலைகீழா நின்னாலும் வராது" என்றான். யுஎஸ்பி 2.0 கேபிளில் நாலு கம்பி இருக்க வேண்டும், இரண்டு கரண்டுக்கு, இரண்டு டேட்டாவுக்கு. அந்த டேட்டா இரண்டும் இல்லாமலேயே வருகிற கேபிள்கள் உண்டு என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது.

நல்ல கேபிள் வந்த பிறகும் பாதியில் நிற்கும். சிபியு-வின் முன்பக்கப் போர்ட்டிலும், ஒரு போர்ட்டைப் பலவாக்கும் ஹப்பிலும் செருகியதுதான் காரணம், பின்னால் நேராக மதர்போர்டில் இருக்கும் போர்ட்டுக்கு மாற்றியதும் சரியானது. பேட்டரி குறைவாக இருந்தால் கேமரா நடுவில் அணைந்துவிடும், அதுவும் ஒருமுறை நடந்தது. நண்பர் ஒருவரின் புது கேமராவில் வேறு கதை: வைஃபை ஆனில் இருந்ததால் யுஎஸ்பி வேலையே செய்யவில்லை. இரண்டு பேரும் ஒரு மணி நேரம் கேபிளைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தோம்.

இந்த ரோதனையெல்லாம் வேண்டாம் என்று மெமரி கார்டைக் கழற்றி கார்டு ரீடரில் போட ஆரம்பித்தேன். இன்றும் என் சிபாரிசு அதுதான், ஆனால் ரீடரிலும் பொறி உண்டு. 2 ஜிபிக்கு மேல் 32 ஜிபி வரைக்கும் உள்ள கார்டு எஸ்டிஹெச்சி, அதற்கு மேலே எஸ்டிஎக்ஸ்சி. முதல் வகை ஃபேட்32-இல் பார்மேட் ஆகும், இரண்டாவது எக்ஸ்ஃபேட்டில்; இரண்டும் கார்டில் ஃபைல்களை அடுக்கும் முறைகள், பழைய ரீடர் சிலவற்றுக்கு இரண்டாவது வகைக் கார்டு ஒத்துவராது. புது 64 ஜிபி கார்டை என் பழைய ரீடரில் போட்டதும் 'பார்மேட் செய்யவா' என்று விண்டோஸ் கேட்டது. உள்ளே தங்கை மகள் காதுகுத்துப் படங்கள். கார்டு போச்சு என்றுதான் நினைத்தேன், ஆனால் புது ரீடரில் அதே கார்டு ஜம்மென்று திறந்தது. அந்தக் கேள்வி வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு முதலில் ரீடரை மாற்றிப் பாருங்கள்.

அடுத்து போலிக் கார்டு. மலிவாகக் கிடைத்ததே என்று வாங்கினேன், மேலே 64 என்று போட்டிருந்தது. பள்ளிக்கரணையில் ஒரு காலை முழுக்கப் பறவைகள் எடுத்தேன், ஃபோல்டரில் எல்லா ஃபைலும் பெயரோடு இருக்கிறது, திறந்தால் முதல் கொஞ்சம் படம் சரி, மற்றதெல்லாம் பாதி சாம்பல் நிறம் அல்லது திறக்கவே இல்லை. உள்ளே உண்மையில் 8 ஜிபிதான், கொள்ளளவு அதிகம் என்று பொய் சொல்லும்படி செய்திருக்கிறார்கள். அதன்பிறகு எந்தக் கார்டு வாங்கினாலும் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளை ஓடவிடுவேன். கார்டு நிறைய எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்க்கும். பெரிய கார்டுக்கு மணிக்கணக்கில் ஆகும், ஆகட்டும்.

மேலே சொன்னதெல்லாம் சில்லறை. பெரிய அடி நானே தேடிக்கொண்டது. மயிலாப்பூர் அறுபத்துமூவர் திருவிழா அன்று நானூறு படத்துக்கு மேல் எடுத்துவிட்டு, ராத்திரி தூக்கக் கலக்கத்தில் காப்பிக்குப் பதிலாக கட் கொடுத்துவிட்டேன். பாதியில் கரண்ட் போனது, யுபிஎஸ் கிடையாது. திரும்ப வந்து பார்த்தால் சில படங்கள் கார்டிலும் இல்லை, ஹார்டு டிஸ்கில் பெயர் மட்டும் இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. டிஸ்கில் எழுதியாகிவிட்டது என்று விண்டோஸ் சொல்லும்போது கொஞ்சம் இன்னும் மெமரியிலேயே இருக்கும், கரண்ட் போனால் அது அவ்வளவுதான், ஆனால் கார்டில் அழித்தது அழித்ததுதான். நல்லவேளை, அந்தக் கார்டில் அப்புறம் ஒரு படம்கூட எடுக்கவில்லை, எடுத்திருந்தால் அழிந்ததன் மேலேயே எழுதியிருக்கும். அழிந்த படங்களை மீட்கும் போட்டோரெக் என்ற மென்பொருளைப் போட்டுத் தேடியதில் பெரும்பாலும் கிடைத்தது, ஃபைல் பெயரெல்லாம் போய் ஏதேதோ எண்களோடு. எது எந்த வீதி என்று பிரிக்கவே இரண்டு நாள் ஆனது.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். கார்டைக் கழற்றியதும் ஓரத்தில் இருக்கும் சின்ன லாக்கைக் கீழே தள்ளிவிட்டுத்தான் ரீடரில் போடுவேன். படிக்கலாம், காப்பி எடுக்கலாம், அழிக்கவோ பார்மேட் செய்யவோ முடியாது. உண்மையில் அந்த லாக் கார்டை ஒன்றும் செய்வதில்லை, ரீடர் அதைப் பார்த்து மதிக்க வேண்டும், என் ரீடர் மதிக்கிறது. காப்பி ஆன பிறகு ஃபைல் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் ஒப்பிட்டு, நடுநடுவே நாலைந்து படத்தைத் திறந்து பார்த்து, இன்னொரு டிரைவிலும் ஒரு காப்பி போட்ட பிறகுதான் கேமராவிலேயே வைத்து பார்மேட்.

ஒன்று விட்டுவிட்டேன். கேமரா 9999 வரை எண்ணிவிட்டு மறுபடி 0001-இல் தொடங்கும், ஃபோல்டர் மட்டும் மாறும். எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் கொட்டினால் 'ரீப்ளேஸ் செய்யவா' என்று கேட்கும், சரி என்று தட்டினால் பழைய படம் காலி. தேதி போட்டுத் தனித்தனி ஃபோல்டர் வைத்துக்கொள்ளுங்கள்.

ரீடர் எங்கள் பக்கம் அதிக நாள் தாங்குவதில்லை. உப்புக்காற்று. போன ரீடரின் பின்களில் பச்சை பூத்து, கார்டை அழுத்திப் பிடித்தால்தான் தெரியும் என்ற நிலைக்கு வந்தது. ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்ததில் இன்னும் கொஞ்ச நாள் ஓடியது. இப்போது இருப்பது மூன்றாவது, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் லென்ஸோடு சேர்ந்து கிடக்கிறது. லாக்கைத் திரும்ப மேலே தள்ள மறப்பது மட்டும் இன்னும் நிற்கவில்லை. போன வாரம்கூட விடியற்காலையில் பீச்சில் நின்று ஷட்டரை அழுத்துகிறேன், கார்டு லாக் ஆகியிருக்கிறது என்கிறது கேமரா.