பார்த்த படத்தை நண்பரிடம் எங்கே சொல்வது: டீக்கடை, வாட்ஸ்அப் குழு, குரல் பதிவு

பார்த்த படத்தைப் பற்றி நண்பர் சொல்லும் கருத்துக்கு, பத்திரிகை விமர்சனத்துக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. சொல்பவர் எப்படிப்பட்டவர் என்பது கேட்பவருக்கு முன்பே தெரியும். சண்டைக் காட்சி வந்தாலே முகம் சுளிக்கும் நண்பர் ‘சண்டை நல்லா இருக்கு’ என்று சொன்னால் அந்த ஒரு வரியை நம்பி டிக்கெட் எடுக்கலாம். எந்தப் படத்துக்கும் கண் கலங்கிவிடும் நண்பர் ‘அழுதுட்டேன்’ என்று சொன்னால் இன்னொருவரையும் கேட்டுக்கொள்வது நல்லது. ஆனால் இந்த வசதி நமக்கு முழுமையாகக் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும், கருத்தை எந்த வழியில் சொல்கிறோம் என்பதைப் பொறுத்தே இருக்கிறது. தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, மன்னார்குடி வட்டாரத்தில் எங்களைப் போன்றவர்களிடம் மூன்று வழிகள் வழக்கத்தில் உள்ளன: படம் விட்டதும் டீக்கடையில் நின்று பேசுவது, வாட்ஸ்அப் குழுவில் எழுதுவது, குரல் பதிவாகப் பேசி அனுப்புவது. மூன்றையும் பல ஆண்டுகளாகக் கையாண்டு வருகிறவன் என்ற முறையில், எது எதற்குப் பொருந்தும் என்பதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

டீக்கடைப் பேச்சின் பெரிய பலம், படம் மனத்தில் சூடு ஆறாமல் இருக்கும்போதே அது நடப்பதுதான். இரண்டாம் ஆட்டம் முடிய நள்ளிரவு தாண்டிவிடும். சுற்றியுள்ள கிராமங்களுக்குப் போகும் டவுன் பஸ் அதற்கு வெகு முன்பே நின்றுபோயிருக்கும். வண்டிகளில் வந்தவர்கள் பேருந்து நிலையத்துக்கு எதிரே விளக்கு எரியும் கடையில் ஒரு டீ குடித்துவிட்டுத்தான் ஊர் திரும்புவார்கள். அங்கே எவரும் கருத்துச் சொல்கிறோம் என்ற நினைப்போடு பேசுவதில்லை. ஒருவர் ஒரு காட்சியை எடுக்க, இன்னொருவர் அதே காட்சியில் தாம் கவனித்த வேறொன்றைச் சொல்ல, மூன்றாமவர் இருவரையும் மறுக்க, டம்ளர் காலியாவதற்குள் படம் மறுபடி ஒருமுறை ஓடி முடிந்திருக்கும். மறுப்பு உடனுக்குடன் வருவதால், எதிரில் நிற்பவரின் முகம் மாறுவதைப் பார்த்தே பாதி வாக்கியத்தில் நம் சொல்லைத் திருத்திக்கொள்கிறோம். இந்தத் திருத்தம் வேறு எந்த வழியிலும் இவ்வளவு இயல்பாக நடப்பதில்லை.

2024 செப்டம்பர் 27 அன்று வெளியான ‘மெய்யழகன்’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தஞ்சாவூரில் பிறந்து வளர்ந்த வீட்டை இழந்து சென்னைக்குப் போனவர், பல ஆண்டுகள் கழித்து நீடாமங்கலத்தில் நடக்கும் ஒரு திருமணத்துக்கு வந்து, பெயரே நினைவுக்கு வராத ஓர் உறவினருடன் இரவு முழுவதும் பேசிக்கொண்டிருப்பதுதான் அதன் கதை. எங்கள் வட்டாரத்தைப் பற்றிய படம் என்பதால் அன்றிரவு கடையில் கூட்டம் சற்று அதிகமாகவே இருந்தது. ‘ராத்திரி பேசுறது ரொம்ப நீளம்டா மாப்ள, ரெண்டு எடத்துல கண்ணு சொக்கிருச்சு’ என்றார் ஒரு நண்பர். பக்கத்தில் கண்ணாடி டம்ளரைக் கைக்குள் உருட்டிக்கொண்டிருந்த இன்னொருவர், பாகப் பிரிவினையில் சொந்த வீட்டை விட்டு வந்தவர், ‘ஒனக்கு வீடு இருக்கு, அதான் சொக்குது’ என்றார். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு முதல் நண்பர் தம் கருத்தைக் கைவிடாமல், ஆனால் அதைக் கூர்மையாக்கிச் சொன்னார்: வீட்டைப் பற்றிய பேச்சு தமக்கு நீளமாகத் தோன்றவில்லை என்றும், அதற்கு நடுவே வரும் பொதுவான பேச்சுகளில்தான் படம் நின்றுவிட்டது என்றும். ‘நீளம்’ என்ற மொத்தத் தீர்ப்பு இரண்டாகப் பிரிந்து, எது நீளம், எது நீளமில்லை என்பது தெளிவாகிவிட்டது. ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடிய அந்தப் படத்தில், நீளம் குறித்து எழுந்த பேச்சை அடுத்து, வெளியான சில நாட்களிலேயே 18 நிமிடங்களுக்கு மேல் குறைத்தார்கள் என்பதை நினைத்துப் பார்க்கும்போது, கடை வாசலில் நடந்த அந்தப் பிரிப்பின் அருமை எனக்கு இன்னும் கூடுதலாகப் படுகிறது.

டீக்கடையின் குறை, குரல் உயர்ந்தவரின் பக்கம் பேச்சு சாய்ந்துவிடுவது. கூட்டத்தில் ஒருவர் படம் பிடிக்கவில்லை என்று ஓங்கிச் சொல்லிவிட்டால், பிடித்திருந்தவர்கள் ‘பரவால்ல, ஒரு தடவை பாக்கலாம்’ என்ற அளவுக்கு இறங்கிவிடுகிறார்கள். கூச்ச சுபாவமுள்ள நண்பரின் நல்ல கருத்து, கூட்டம் கலைந்தபின் வண்டியின் பின் இருக்கையிலிருந்துதான் வெளிப்படும். ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகம் 2022 செப்டம்பர் 30 அன்று வந்தபோது இதை வேறொரு வகையில் கண்டோம். கல்கியின் நாவலைப் படித்தவர்கள் எங்களுக்குள் அதிகம். வீரநாராயண ஏரிக் கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வரும் முதல் அத்தியாயத்தைச் சிறுவயதிலேயே படித்துத் திளைத்தவர்கள் அவர்கள். 1950 முதல் 1954 வரை தொடராக வந்த அந்தக் கதையில் எதை விட்டார்கள், எதை மாற்றினார்கள் என்ற ஒப்பீட்டிலேயே அன்றைய பேச்சு முழுவதும் போய்விட்டது. நாவலைப் படிக்காமல் படத்தைப் படமாக மட்டும் பார்த்த இளையவர்கள் வாய் திறக்கவே இடமில்லை. உண்மையில் அவர்களுடைய கருத்துதான் எங்களுக்குத் தேவையாக இருந்தது. முன்பே கதை தெரிந்த எங்களால் அந்தப் படம் தனித்து நிற்கிறதா என்று சொல்ல முடியாது.

வாட்ஸ்அப் குழு இந்தக் குறையைத் தீர்க்கிறது. எழுத்தில் எல்லாருடைய குரலும் ஒரே உயரம். டெல்டாவைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய காரணமும் உண்டு. எங்களோடு படித்தவர்களில் ஒரு பகுதியினர் சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் இருக்கிறார்கள். இங்கே இரவு ஒரு மணிக்குப் படம் விடும்போது சிங்கப்பூரில் மூன்றரை மணி, துபாயில் முந்தைய நாள் பதினொன்றரை மணி. எழுதி வைத்துவிட்டால் அவரவர் விழித்ததும், வேலை முடிந்ததும் பார்த்துக்கொள்வார்கள். பள்ளி நண்பர்களின் குழுவில் மற்ற நாட்களில் காலை வணக்கமும் கோயில் படமும் மட்டுமே வரும். ஒரு புதுப் படம் வந்த வாரத்தில்தான் பல மாதமாக வாய் திறக்காதவர்களும் எழுதுவார்கள். அந்த ஒன்றுக்காகவே எழுத்து வழியை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

ஆனால் எழுத்துக்கு இரண்டு கேடுகள் உண்டு. ஒன்று, கதை உடைந்துவிடுவது, அதாவது படம் பார்க்காதவருக்கு அது முன்பே தெரிந்துவிடுவது. பெரிய படங்கள் பொங்கலை ஒட்டி வருகின்றன. இங்கே சம்பா அறுவடையும் அந்த நாட்களில்தான். எங்கள் குழுவில் விவசாயம் செய்யும் நண்பர்கள் அறுத்த நெல்லை அரசின் நேரடி கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டு, ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இறங்கும்வரை காயவைத்து, தார்ப்பாயால் மூடி, தங்கள் முறை வரும்வரை குவியலுக்குப் பக்கத்திலேயே படுத்துக் காவல் காக்கிறார்கள். அந்த வாரத்தில் அவர்கள் தியேட்டர் பக்கம் போக வழியே இல்லை. இரவில் பொழுது போகாமல் போனைத் திறக்கும் அவர்களுக்குக் கிளைமாக்ஸ் முதல் வரியிலேயே கண்ணில் பட்டுவிடுகிறது. டெலிகிராமில் குறிப்பிட்ட வரியை மறைத்து, தொட்டால் மட்டும் தெரியும்படி எழுத 2021 இறுதியிலிருந்தே வசதி இருக்கிறது; ஆனால் எங்கள் வட்டாரத்தில் எல்லாரும் இருப்பது வாட்ஸ்அப்பில்தான். வரிக்கு வரி புள்ளி வைத்துக் கீழே தள்ளி எழுதும் பழைய உத்தியும் முழுப் பாதுகாப்பு அல்ல, ஏனென்றால் அதற்குப் பதில் எழுதுகிறவர் கதையைத் திறந்தபடி எழுதிவிடுகிறார்.

இரண்டாவது கேடு இதைவிட ஆழமானது. எழுதிய கருத்து நிலைத்துவிடுகிறது. அனுப்பிய 15 நிமிடத்துக்குள் திருத்தலாம், இரண்டு நாட்களுக்கும் சற்று அதிகமான காலத்துக்குள் அனைவருக்குமாக அழிக்கலாம். ஆனால் ஒரு படத்தைப் பற்றிய எண்ணம் மாறுவது பெரும்பாலும் அதற்கும் பிறகுதான். நான்கு வாரம் கழித்து ஓடிடியில் மறுபடி பார்த்து, ‘முதலில் தவறவிட்ட காட்சி இது’ என்று ஒருவர் நல்லெண்ணத்தோடு சொன்னால், பழைய வரியைத் தேடி எடுத்து ‘அன்னைக்கு மொக்கைன்னு நீதானடா எழுதுன?’ என்று கேட்க யாராவது இருப்பார்கள். அப்படிக் கேட்கப்பட்டவர் அடுத்த முறை மனம் மாறினாலும் வெளியே சொல்வதில்லை. கருத்து நிலைப்பாடு ஆகிவிடுகிறது. நிலைப்பாடு ஆனபின் நடிகர்களின் ரசிகர்கள் அதற்கு இரு புறமும் அணிவகுத்துவிடுகிறார்கள். படம் வெளியான முதல் சில நாட்களுக்கு விமர்சனங்களைத் தடுக்க வேண்டும் என்று தயாரிப்பாளர் தரப்பு 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம்வரை போனது. அந்தக் கோரிக்கையில் எனக்கு உடன்பாடு இல்லை. கருத்துச் சொல்வதைத் தடுக்கக் கூடாது. ஆயினும் முதல் நாள் எழுதப்படும் வரி, எழுதியவரையே கட்டிப்போட்டுவிடுகிறது என்ற கவலை எனக்கும் உண்டு. அந்தக் கவலை படத்தின் வசூலைப் பற்றியது அல்ல, நண்பரைப் பற்றியது.

குரல் பதிவைப் பலர் சோம்பேறிகளின் வழி என்று தள்ளிவிடுகிறார்கள். நான் அதை மூன்றிலும் மதிப்பு மிக்கதாகக் கருதுகிறேன். தமிழில் தட்டச்சு செய்யத் தயங்குபவர்கள் எங்களிடம் நிறைய இருக்கிறார்கள். எழுதச் சொன்னால் ‘சூப்பர்’, ‘வேஸ்ட்’ என்ற ஒரு சொல்லோடு முடித்துக்கொள்வார்கள், அல்லது கட்டைவிரல் எமோஜி ஒன்றைப் போட்டுவிடுவார்கள். அதே நண்பர் பேசினால் காரணத்தோடு பேசுகிறார். பொங்கல் முடிந்து பல நாட்கள் கழித்து, ஒருவழியாக ஒரு மாலைக் காட்சி பார்த்துவிட்டுக் கொள்முதல் நிலையத்துக்குத் திரும்பிய நண்பர் அனுப்பிய பதிவு ஒன்று என் நினைவில் இருக்கிறது. பின்னணியில் நெல் தூற்றும் இயந்திரத்தின் இரைச்சல். படத்தில் கதாநாயகன் வயலில் இறங்கி நாற்று நடும் காட்சியைப் பற்றி, ‘அண்ணே, நாத்த புடிச்சிருக்குற வெதத்துலேயே தெரியுது, அவரு ஒருநாளும் சேத்துல எறங்குனதில்ல. ஆனா பக்கத்துல நடுற பொம்பளைங்க நெசமாவே நடுறாங்க, அவங்க கைய மட்டும் பாருங்க’ என்றார். அந்த ஒரு குறிப்பை எந்த விமர்சனத்திலும் நான் படிக்கவில்லை. எழுத்தில் கேட்டிருந்தால் அவர் ‘ஓகே’ என்று மட்டும் எழுதியிருப்பார் என்பதில் எனக்கு ஐயம் இல்லை.

குரலில் தயக்கமும் பதிவாகிறது. ‘நல்லா இருக்கு’ என்பதற்கு முன் ஒருவர் எடுத்துக்கொள்ளும் இடைவெளியிலேயே, பிடித்திருக்கிறது என்று சொல்ல விரும்புகிறாரே தவிர உண்மையில் பிடிக்கவில்லை என்பது விளங்கிவிடும். மேலும், பழைய குரல் பதிவைத் தேடி எடுத்து எவரும் சண்டைக்கு வருவதில்லை. சொன்னவர் பிறகு மனம் மாற அது இடம் விடுகிறது. குறைகளும் இல்லாமல் இல்லை. பேருந்திலோ அலுவலகத்திலோ கேட்க முடியாது. நிறுத்தத் தெரியாதவர்கள் ஐந்து நிமிடம் கதையையே சொல்லிவிடுவார்கள். வேகத்தை இரட்டித்துக் கேட்டால் நாம் காத்திருந்த அந்தத் தயக்கம்தான் முதலில் அழிந்துபோகும். ஐம்பது பேர் இருக்கும் குழுவில் வரிசையாகக் குரல் பதிவுகள் விழுந்தால் ஒருவரும் திறக்க மாட்டார்கள். ஆகவே இது சிறு வட்டத்துக்கு மட்டுமே ஏற்ற வழி.

கல்லூரி மாணவர்களிடையே லெட்டர்பாக்ஸ்ட் செயலியும் பரவியிருக்கிறது. எந்த நாளில் எந்தப் படம் பார்த்தோம் என்று நாட்குறிப்பாக வைத்துக்கொள்ளவும், அரை நட்சத்திரம் முதல் ஐந்து வரை மதிப்பிடவும், கதை உடையும் குறிப்பை மறைத்து வைக்கவும் அது நன்றாகப் பயன்படுகிறது. தனக்காக எழுதுபவருக்கு அதைவிடச் சிறந்தது இல்லை. நண்பரோடு பேசுவதற்கு அது போதாது. மூன்றரை நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டு ‘ஏன்?’ என்று கேட்க மறுபடி போனைத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. இடைவேளையில் அனுப்பப்படும் ‘முதல் பாதி சூப்பர்’ வகைச் செய்திகளை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. படத்தின் மறுபாதி, முதல் பாதியின் பொருளையே மாற்றிவிடக் கூடியது.

என் முடிவு இதுதான். ஒன்றாகப் படம் பார்த்தவர்களுக்கு டீக்கடைக்கு நிகர் எதுவும் இல்லை. ஆனால் கூட்டம் நான்கைந்து பேரைத் தாண்டக் கூடாது, நாவலையோ முந்தைய பாகத்தையோ அறியாதவர் இருந்தால் முதலில் அவரைப் பேசவிட வேண்டும். பெரிய வாட்ஸ்அப் குழுவை ‘குடும்பத்தோடு போகலாமா, குழந்தைகளுக்கு ஒத்துவருமா, பாட்டு எப்படி’ என்ற அளவோடு நிறுத்திக்கொள்வது அனைவருக்கும் நல்லது. விரிவாகச் சொல்ல வேண்டியதை, ஊர் ஊராகப் பிரிந்திருக்கும் நெருங்கிய நண்பர்களின் சிறு வட்டத்தில் குரல் பதிவாகச் சொல்லலாம், அதுவும் படம் பார்த்த மறுநாள். ஓர் இரவு கடந்த பிறகும் மனத்தில் நிற்கும் காட்சிகளை மட்டுமே அப்போது சொல்லத் தோன்றும். நிற்காதவை தாமாக உதிர்ந்திருக்கும்.

எங்கள் வட்டத்தில் இதற்கு ஒரு முறையையும் வகுத்துக்கொண்டோம். கதையைத் தொடும் பகுதியும் தொடாத பகுதியும் தனித்தனிப் பதிவுகளாக இருக்க வேண்டும். முதல் பதிவில் படத்தின் பெயரைச் சொல்லி, போகலாமா வேண்டாமா என்பதையும் அதற்கான ஒரே ஒரு காரணத்தையும் சொல்கிறோம். இரண்டாவது பதிவுக்கு மேலே ‘பார்த்தவர்களுக்கு மட்டும்’ என்று எழுதிவிடுகிறோம். அறுவடை முடியாதவர்கள் முதல் பதிவோடு நின்றுவிடுகிறார்கள். நெல் போட்டுப் பணம் வந்து, அவர்களும் படத்தைப் பார்த்தபின் இரண்டாவதைத் திறந்து கேட்டு, பல வாரங்கள் பழையதான அந்தப் பதிவுக்கே பதில் அனுப்புகிறார்கள். மற்றவர்கள் அந்தப் படத்தை மறந்திருந்தாலும் அந்தப் பதிலை முழுவதும் கேட்டுப் பதில் சொல்ல வேண்டும் என்பது எங்களுக்குள் உள்ள ஏற்பாடு.