படகு இன்ஜினுக்குள் கடல் புகாமல் தடுக்க: வால்வா, சொட்டுக்குழாயா?

பீப்பாயிலிருந்து மண்ணெண்ணெய் எடுக்க டியூபை வாயில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தால் போதும், அப்புறம் தானே ஓடும். இன்ஜின் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் பாய்மரப் படகில் அந்த முதல் இழுப்பை இழுப்பது, இன்ஜினைக் குளிர்விக்கக் கடல்நீரை ஏற்றும் பம்ப். அந்த நீர் கடைசியில் எக்ஸாஸ்டில் கலந்து வெளியேறும். இன்ஜினை நிறுத்தின பிறகும் ஓட்டம் தொடரலாம். பம்புக்குள் சுழலும் இம்பெல்லரின் ரப்பர் இதழ்கள் தேய்ந்திருந்தால் தாராளமாகவே தொடரும். வரும் நீர் எக்ஸாஸ்டில் நீர் தேங்கும் வாட்டர்லாக் பெட்டியை நிரப்பி, திறந்து நிற்கும் எக்ஸாஸ்ட் வால்வு வழியே சிலிண்டருக்குள் இறங்கும். மறுநாள் ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடலாம்.

எனவே, எக்ஸாஸ்டில் நீர் கலக்கும் இடம் நீர்மட்டத்துக்கு மேல் 15 செ.மீ.கூட இல்லாத படகுகளில், அதற்கு முன்பே கடல்நீர் ஹோஸை மேலே ஏற்றி வளைத்து, உச்சியில் காற்று நுழைய வழி விடுகிறார்கள். காற்று புகுந்தால் ஓட்டம் அறுந்துவிடும். படகு எவ்வளவு சாய்ந்தாலும் அந்த உச்சி நீர்மட்டத்துக்கு மேலேயே இருக்க வேண்டும்.

அந்த வழியில், காற்றை உள்ளே விட்டு நீரை வெளியே விடாத ரப்பர் வால்வு வைப்பது ஒரு முறை. சின்னது, படகில் புதிதாக ஓட்டை போட வேண்டியதில்லை. ஆனால் உப்புப் படியும். மூடியபடி ஒட்டிக்கொண்டால் காற்று நுழையாது. வால்வு இருந்தும் இல்லாத கதைதான். திறந்தபடி சிக்கினால் இன்ஜின் மேல் உப்புநீர் தெளிக்கும். அவ்வப்போது கழற்றிக் கழுவ வேண்டும். எத்தனை பேர் கழுவுகிறோம்?

வால்வுக்குப் பதில் மெல்லிய குழாயைச் செருகி படகுக்கு வெளியே விடுவது இன்னொன்று. இன்ஜின் ஓடும்வரை சொட்டிக்கொண்டே இருக்கும். பார்க்க அழகில்லை, சரி. ஆனால் அசையும் பாகம் எதுவும் இல்லை. சொட்டு நின்றால் குளிர்விக்கும் நீர் வரவில்லை என்று உடனே தெரியும். என் ஓட்டு இதற்குத்தான். குழாயின் வெளிமுனை மட்டும் சாய்விலும் நீரில் மூழ்கக் கூடாது; மூழ்கினால் காற்றுவழி அடைபடும்.

செலவே இல்லாதது, இன்ஜினை நிறுத்தியதும் சீகாக்கை, அதாவது கடல்நீர் உள்ளே வரும் வழியில் உள்ள அடைப்பானை, மூடுவது. திறக்க மறந்து ஸ்டார்ட் செய்தால் இம்பெல்லர் காய்ந்து கருகும். இன்ஜின் சாவியைச் சீகாக் கைப்பிடியிலேயே மாட்டிவைப்பவர்கள் விவரமானவர்கள்.

கைபம்ப் டாய்லெட்டுக்கும் இதே வளைவுதான், ஆனால் பம்புக்கும் கோப்பைக்கும் நடுவே. பம்புக்கு முன்னால் வைத்தால் பம்ப் காற்றைத்தான் உறிஞ்சும்.