அம்மாவின் முழங்காலில் போட்ட ஊசி வெள்ளையாக இருந்தது

யாழ்ப்பாணத்தில் மூட்டு நோவுக்கு "உங்கட ரத்தத்தில இருந்தே எடுத்துப் போடுற ஊசி" என்று விளம்பரம் பார்த்து, பி.ஆர்.பி. ஊசிக்குக் காசு கட்ட யோசிக்கிறவர்கள் கட்டுவதற்கு முன் இதை ஒருக்கா வாசியுங்கள். இடத்தின் பெயரை எழுதவில்லை. முறைப்பாடு போட்டிருக்கிறேன், அது முடியும்வரை வாயைக் கட்டிக்கொண்டு இருப்பதுதான் எனக்கு நல்லது.

அம்மாவுக்கு 68 வயது. பதினைந்து வருஷமாகச் சீனி வருத்தம். வலது முழங்கால் தேய்ந்து நாலு வருஷம். பெரியாஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, நிறையைக் குறைக்கச் சொன்னார்கள், தொடைத் தசைக்குப் பயிற்சி காட்டினார்கள், நோ கூடினால் போடச் சொல்லி பரசிற்றமோல் கொடுத்தார்கள். பயிற்சி ஒரு கிழமை ஒழுங்காக நடந்தது. "உதால என்ன வரப்போகுது பிள்ளை" என்று அம்மா விட்டுவிட்டார். அவரைக் கட்டாயப்படுத்த நானும் மெனக்கெடவில்லை.

போன ஆனியில் ஃபேஸ்புக்கில் அந்த விளம்பரம் வந்தது. வெட்டாமல் கொத்தாமல் மூட்டைப் புதுப்பிக்கலாம், தேய்ந்த சவ்வு திரும்ப வளரும் என்று போட்டிருந்தார்கள். அம்மாவுக்கு இருந்த ஒரே ஆசை நல்லூர்த் தேருக்கு நடந்து போய்வருவது. இரண்டு வருஷமாக அதைத் தொலைக்காட்சியில்தான் பார்த்தார். ஸ்காபரோவில் இருக்கிற தம்பி, "காசைப் பற்றி யோசிக்காதை அக்கா" என்றான். வெளிநாட்டில் பிள்ளை இருக்கிறது என்று தெரிந்தால் இங்கே சில இடங்களில் மீற்றர் வேறு மாதிரி ஓடும். அதுவும் எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. இருந்தும் போனேன்.

மூன்று ஊசி, இரண்டு கிழமைக்கு ஒன்று. தனித்தனியாகப் போட்டால் ஒன்று 65,000 ரூபாய், மூன்றுக்கும் சேர்த்துக் கட்டினால் 165,000. சேர்த்தே கட்டினோம். பற்றுச்சீட்டில் "சிகிச்சைக் கட்டணம்" என்று மட்டும் இருந்தது. என்ன ஊசி, எத்தனை ஊசி, எந்தக் காலுக்கு, ஒன்றும் இல்லை.

முதல் நாள் நடந்தது இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. நேர்ஸ் பிள்ளை அம்மாவின் கையில் ஒரு சின்னக் குழாய் நிறைய ரத்தம் எடுத்தார். அறையின் மூலையில் ரைஸ் குக்கர் அளவில் ஒரு வெள்ளை மெசின் இருந்தது. ரத்தத்தைச் சுழற்றுகிற மெசின் அதுதான் என்று பிறகு படங்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அதன் வயரைச் சுருட்டி, ரப்பர் பாண்ட் போட்டு, மூடிக்கு மேலே வைத்திருந்தார்கள். குழாயை அந்தப் பிள்ளை உள்ளே கொண்டு போனார். அம்மா கைப்பையை என்னிடம் தந்து, சேலையை முழங்கால்வரை இழுத்துவிட்டு, கட்டிலில் காலை நீட்டிச் சரிபார்த்து முடிக்கவும் டொக்டர் சிரிஞ்சோடு வரவும் சரியாக இருந்தது. ஆறேழு நிமிஷம் போயிருக்கும். சிரிஞ்சுக்குள் இருந்தது பால் மாதிரி வெள்ளை. குத்துவதற்கு முன் அதை இரண்டு தரம் குலுக்கினார். குலுக்குவதற்கு முன் அடியில் அரிசிமா மாதிரி ஏதோ படிந்திருந்தது.

வெளிக்கிடும்போது நோவுக்கு என்று ஐந்து நாளைக்கு டைக்குளோஃபெனக் தந்துவிட்டார்கள்.

இரண்டாம் நாளே நோ பறந்துவிட்டது. அம்மா தடி இல்லாமல் கிணற்றடிவரை போய் வந்தார். எங்களுக்கு வந்த புளுகத்தைக் கேட்க வேண்டாம். வெள்ளிக்கிழமை கோயிலில் தெரிந்த எல்லாரிடமும் அம்மா சொல்லிவிட்டார். ஊசிக்கு அடுத்த நாள் காலை வெறும் வயிற்றில் பார்த்தபோது சீனி 286, பின்னேரம் 371. வழமையாகக் காலையில் 140ஐத் தாண்டாது. இரவில் ஐந்து தரம் எழும்பிப் போனார், தண்ணீர் குடித்தபடியே இருந்தார். அப்போது கறுத்தக்கொழும்பான் காலம். நான் பழியை மாம்பழத்தில் போட்டு, அம்மாவை நன்றாக ஏசினேன். "ஒரு துண்டுதான் பிள்ளை சாப்பிட்டனான்" என்றார். நான் நம்பவில்லை. ஒரு கிழமையில் சீனி தானாகவே இறங்கிவிட்டது.

இரண்டாவது ஊசி போட்ட அன்று வீட்டில் மாம்பழமே இல்லை. அடுத்த நாள் சீனி 394.

அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினேன். இளம் டொக்டர் பிள்ளை ஒருவர் கிளினிக் கொப்பியைப் புரட்டிவிட்டு, "அம்மா, எங்கையாவது ஊசி போட்டனீங்களோ?" என்று கேட்டார். அம்மாவின் சொந்த ரத்தத்தில் இருந்து எடுத்ததுதானே, அதில் ஒன்றும் இல்லை என்றேன் நான். அவர் என்ன நிறம், எவ்வளவு நேரத்தில் கொண்டுவந்தார்கள், நோ எத்தனையாம் நாள் குறைந்தது என்று கேட்டார். எல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "நான் பாக்காத ஊசியைப் பற்றி எழுதித்தர ஏலாது அக்கா. ஆனா தன்ர ரத்தத்தைத் தனக்குப் போட்டா சீனி இப்பிடி ஏறாது" என்றார்.

அன்றிரவு உட்கார்ந்து தேடிப் படித்ததையும், பிறகு அந்த டொக்டர் பிள்ளையிடம் கேட்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். பி.ஆர்.பி.க்கு எடுக்கும் ரத்தத்தை அது உறையாமல் இருக்க மருந்து சேர்த்து, மெசினில் சுழற்ற வேண்டும். சிவப்பணுக்கள் அடியில் போய்விடும். மேலே நிற்கும் திரவத்தில் குருதிச் சிறுதட்டுகள் (பிளேட்லெட்) செறிந்த பகுதியை எடுத்துத்தான் ஊசியாகப் போடுவார்கள். எல்லாம் செய்து முடிக்கக் கால் மணி முதல் அரை மணி நேரம் தேவை. வருவது வைக்கோல் நிற மஞ்சள். கொஞ்சம் ரத்தம் கலந்தால் சிவப்புச் சாயல் தெரியும், ரத்தத்தில் கொழுப்பு மிகவும் கூடியிருந்தால் ஒழியப் பால் வெள்ளை வராது. போட்டவுடன் முதல் சில நாட்கள் நோ கூடுவதுதான் வழமை, பலன் வருகிறதென்றால் கிழமைக் கணக்கில் மெல்ல வரும். அந்த ஊசி உள்ளே ஒரு சின்ன அழற்சியை எழுப்பித்தான் ஆற வைக்கிறது என்று கருதுவதால், டைக்குளோஃபெனக் மாதிரியான மாத்திரைகளை முன்னும் பின்னும் நிறுத்தச் சொல்வார்கள். எங்களுக்கோ அதையே பையில் போட்டுத் தந்தார்கள்.

வெள்ளை நிறம், அடியில் படிவது, குலுக்கிப் போடுவது, ஓரிரு நாளில் நோ மறைவது, சீனி எகிறுவது, இத்தனையும் ஒன்றாகப் பொருந்துவது ஸ்டீரொய்ட் ஊசிக்கு. அது பாவிக்கக்கூடாத மருந்து என்று நான் சொல்லவரவில்லை. மூட்டு வீங்கித் தாங்கமுடியாமல் நோகும்போது பெரியாஸ்பத்திரியிலும் அதைப் போடுவார்கள், காசு இல்லாமல். ஆனால் சீனி வருத்தக்காரருக்கு முன்கூட்டியே சொல்லி, சீனியைப் பார்த்தபடி, மாதக்கணக்கில் இடைவெளி விட்டுப் போடுவார்கள். 2017இல் அமெரிக்காவில் 140 பேரில் செய்த ஒரு ஆய்வு வெளிவந்தது. 12 கிழமைக்கு ஒன்றாக இரண்டு வருஷம் முழங்காலில் ஸ்டீரொய்ட் போட்டவர்களுக்கு, உப்புநீர் ஊசி போட்டவர்களை விடக் குருத்தெலும்பு (விளம்பரத்தில் சவ்வு என்றது இதைத்தான்) கூடுதலாகத் தேய்ந்திருந்தது, நோவிலும் பெரிய வித்தியாசம் இல்லை. அது 12 கிழமைக்கு ஒன்று. அம்மாவுக்கு இரண்டு கிழமைக்கு ஒன்று.

அந்தச் சிரிஞ்சில் இருந்தது ஸ்டீரொய்ட்தான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. சிரிஞ்ச் அன்றைக்கே குப்பைக்குப் போயிருக்கும், கையில் ஒரு துண்டு எழுத்தும் இல்லை. உள் அறையில் இன்னொரு மெசின் இருந்தது என்று அவர்கள் சொல்லலாம். சரி, இருக்கட்டும். எந்த மெசினில் சுழற்றினாலும் அம்மாவின் ரத்தம் அடியில் மா படிகிற பால் மாதிரி வராதே.

இன்னொன்று. உண்மையான பி.ஆர்.பி.யே போட்டிருந்தாலும் "சவ்வு திரும்ப வளரும்" என்பது கதைதான். அவுஸ்திரேலியாவில் முழங்கால் தேய்மானம் உள்ள 288 பேரில் பாதிப் பேருக்கு பி.ஆர்.பி.யும் மற்றவர்களுக்கு உப்புநீரும் போட்டு, 12 மாதம் கழித்துப் பார்த்த ஆய்வு 2021இல் வந்தது. நோவிலும் குருத்தெலும்பின் அளவிலும் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. குதிக்கால் தசைநாண் நோவுக்கு அதே வருஷம் பிரித்தானியாவில் 240 பேரில் வந்த முடிவும் அதுதான். முழங்கை நோவுக்குச் சிலருக்குப் பிரயோசனம் இருக்கிறது என்று சொல்கிற டொக்டர்மார் இருக்கிறார்கள், அதோடு நான் சண்டை பிடிக்கவில்லை. விளம்பரப் பலகையில் புரோலோதெரபி, ஸ்டெம் செல் எல்லாம் வரிசையாக இருந்தது. புரோலோதெரபியில் பெரும்பாலும் போடுவது செறிவான குளுக்கோஸ் கரைசல். ஸ்டெம் செல் விஷயத்தில், மூட்டு, எலும்பு வருத்தங்களுக்கு அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் ஒன்றையும் அனுமதிக்கவில்லை. பலகையில் எழுதுவதற்கு அனுமதி தேவையில்லைத்தானே.

திரும்பப் போய்க் கேட்டேன். "அம்மான்ர சீனிக்கு நாங்கள் பொறுப்பில்லை, அவா சாப்பாட்டைக் கட்டுப்படுத்தவேணும்" என்றார் முன்மேசையில் இருந்தவர். நான் மாம்பழத்தில் பழியைப் போட்டது மாதிரியே. என்ன மருந்து என்று எழுதித் தரச்சொன்னேன். டொக்டர் கொழும்புக்குப் போய்விட்டார், வந்தவுடன் சொல்கிறோம் என்றார்கள். மூன்றாவது ஊசிக் காசையாவது தரச்சொன்னேன். "காசு திருப்பித் தாற முறை இல்லை தங்கச்சி. வேணுமெண்டா மூண்டாவதை மற்றக் காலுக்குப் போடுவம்." மற்றக் காலில் அம்மாவுக்கு ஒரு நோவும் இல்லை.

இன்றைக்குப் போவதென்றால் நான் செய்வது வேறு. ரத்தம் எடுத்ததில் இருந்து ஊசி போடும்வரை கண்முன்னே நடக்க வேண்டும் என்பேன், சிரிஞ்சை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டச் சொல்வேன். ஊசியின் பெயர், அளவு, திகதி, எந்த மூட்டு, எல்லாம் டொக்டரின் கையெழுத்தோடு துண்டில் வராமல் அடுத்த தவணைக்குப் போகமாட்டேன். மூன்றுக்கும் சேர்த்துக் காசு கட்டவே மாட்டேன். டொக்டரின் பெயர் இலங்கை மருத்துவ சபையின் பதிவில் இருக்கிறதா என்று இணையத்திலேயே பார்க்கலாம். தனியார் மருத்துவ நிலையங்கள் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி பதிய வேண்டும். அதைக் கவனிக்கிற தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தல் சபைக்கும் மருத்துவ சபைக்கும் பதிவுத் தபாலில் எழுதியிருக்கிறேன். பற்றுச்சீட்டு, சீனி எழுதின கொப்பியின் பிரதி இரண்டையும் இணைத்தேன். கையில் இருப்பது அவ்வளவுதான்.

ஆறு கிழமையில் நோ பழையபடி வந்துவிட்டது. தேரை அம்மா இந்த முறையும் தொலைக்காட்சியில்தான் பார்த்தார். இப்போது காலையும் மாலையும் முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்து அழுத்திப் பிடிக்கிற பயிற்சி நடக்கிறது, நான் பக்கத்தில் இருந்து பத்து எண்ணுகிறேன். ஏமாந்துவிட்டோம் என்பதை அம்மா இன்னும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. "என்ன ஊசியோ, அந்த ஒரு மாசம் நான் நடந்தனான்தானே" என்கிறார்.

அம்மா சொன்னதை நம்பி, எங்கள் ஒழுங்கையில் இருக்கிற ஆச்சி ஒருவர் முற்பணம் கட்டிவிட்டார். நான் போய்ச் சொன்னபோது, "உன்ர கொம்மா துள்ளிக்கொண்டு கோயிலுக்கு வந்தவா, நீ என்ன இப்பிடிக் கதைக்கிறாய்" என்றார். வேறு வழியில்லாமல் அவரின் மகளிடம் மெசினையும் வயரையும் நிறத்தையும் பற்றிச் சொல்லி அனுப்பினேன். போன செவ்வாய்க்கிழமை அவள் கூடவே நின்று, சுழற்றுவதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். மெசின் பழுது, அடுத்த கிழமை வாங்கோ என்று அனுப்பிவிட்டார்களாம். முற்பணம் இன்னும் திரும்பி வரவில்லை.